வாளை உறையிலிட்டுக் காத்திருந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அழைத்தவள் ஹயாமி அவர்களின் மகள் எமி. "மிஸிஸ் நடராஜா, அப்பா போய்விட்டார்" என்றாள். பிறகு, தகப்பனைப் போலவே, மிகையாக ஒரு சொல்லும் இல்லாமல் மற்ற விபரங்களைச் சொன்னாள். ஞாயிறு பிற்பகல், வீட்டில், தன் கட்டிலில். தேநீர் கேட்டிருக்கிறார், அது ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சடங்கு எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தாராம்.

கனடாவுக்கு வந்து பார்க்டேலில் ஆரம்பத்தில் குடியேறிய நம்மவர்களுக்கு ஹயாமி அவர்களைத் தெரியும். பெயர் தெரியாதவர்களுக்கும் 'வாள்கடை ஐயா' என்றால் விளங்கும். ஸ்ட்ரீட்கார் தரிப்பிடத்துக்கு எதிரே, தீபனின் பலசரக்குக் கடைக்கு அடுத்த வாசல். முன்னால் சிறிய கடை. பின்னால் நீண்ட காட்சிக்கூடம். பழைய யப்பானிய வாள்களை வாங்கி, பராமரித்து, விற்றார். ஐயா என்று அழைத்தாலும் உங்களில் பலர் அவரைச் சிடுமூஞ்சி என்றே நினைத்தீர்கள். கடைசிக் காலத்தில், வயதாகிவிட்டதால் அவருக்கு வாளின் தரம் தெரியவில்லை என்றும் ஒரு பேச்சு இருந்தது. அவரிடம் பல வருடங்கள் வேலை செய்தவள் என்ற உரிமையில் அந்தப் பேச்சைத் திருத்தவே இதை எழுதுகிறேன். புகழ்வது அவருக்குப் பிடிக்காது. எனக்கும் சரியாக வராது.

என் கணவர் காலமான அடுத்த வருடம், மழைக்கு ஒதுங்கித்தான் முதல்முறை அங்கே நுழைந்தேன். உள்ளே கராம்பு வாசம் அடித்தது. பல்வலிக்குப் பூசும் தைலம் என்று நினைத்தேன். வாளுக்குப் பூசும் எண்ணெயின் வாசம் என்று பிறகு தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வாள்கள், கூர்ப்பக்கம் மேலே இருக்க, ஒவ்வொன்றும் தனித்தனித் தாங்கியில் கிடந்தன. அவ்வளவு சுத்தம். ஆனால் கீழே வைத்திருந்த அட்டைகளில் எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது.

"இவற்றை யார் எழுதியது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நான்."

"தெரிகிறது."

அவர் கோபிக்கவில்லை. வெற்று அட்டை ஒன்றையும் மைப்பேனாவையும் என் முன்னால் வைத்து, "எழுதுங்கள்" என்றார். கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பழக்கிய சாய்வெழுத்தில் அந்த அட்டையைப் பிரதி செய்தேன். வாளைப் பார்க்கும் பூதக்கண்ணாடியால் அதைப் பார்த்தார்.

"வியாழன், வெள்ளி, சனி" என்றார்.

"நான் வேலை கேட்டு வரவில்லை."

"நானும் கேட்கவில்லை. அட்டைகள் கேட்கின்றன."

அப்படித்தான் நான் அங்கே சேர்ந்தேன். அட்டை எழுதுவதும் வருகிறவர்களைக் காட்சிக்கூடத்துக்குள் அழைத்துச் செல்வதும் என் வேலை. நம்மவர் யாரும் வந்தால் மொழிபெயர்ப்பதும் என் தலையில் விழுந்தது.

காட்சிக்கூடத்துக்குச் சில விதிகள் இருந்தன. மோதிரம், கைக்கடிகாரம், தொலைபேசி எல்லாவற்றையும் வாசலில் இருக்கும் மரப்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். வாளை உருவுவதற்கு முன் தலை வணங்க வேண்டும். உருவிய பிறகு அது உறைக்குள் திரும்பிப் போகும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. மூச்சின் ஈரம் இரும்பைக் கெடுக்கும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் இப்படிச் சொல்வார்: "உருவிய வாளுக்கு முன்னால் மனிதர்கள் சொல்வது பெரும்பாலும் பொய்."

மார்க்கம் நகரில் புதிதாகப் பெரிய வீடு கட்டிய நம்மவர் ஒருவர் ஒருநாள் வந்தார். சுவரை அளந்துகொண்டே வந்திருந்தார்.

"அன்ரி, சோபாவுக்கு மேலை மாட்ட நீட்டா ஒண்டு வேணும். விலை பிரச்சினையில்லை எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். "சுவருக்கு வாள் தேவையில்லை, படம் போதும்" என்றார் ஹயாமி.

"உவர் கடை நடத்திறாரோ, கோயில் நடத்திறாரோ?"

அதையும் நான் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். ஹயாமி யோசித்தார். "கோயில் என்றால் வாசலில் உண்டியல் வைத்திருப்பேன் என்று சொல்லுங்கள்." மார்க்கத்துக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்று எதையும் வாங்கவில்லை. ஆனால் பிறகு அடிக்கடி வந்து, மோதிரங்களைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, சும்மா பார்த்துவிட்டுப் போனார்.

இனி 2009ஆம் ஆண்டு. அந்த வருடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு ஒரே ஒரு தங்கை, பவானி. கிளிநொச்சியில் ஆசிரியையாக இருந்தவள். கணவரோடு இடம்பெயர்ந்து, பிறகு அங்கிருந்தும் இடம்பெயர்ந்து, கிழக்கே கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கடைசியாக அவள் பேசியது மாசி மாதத்தில். "அக்கா, இனி நீங்கள் எடுத்தாலும் கிடைக்காது. வழி கிடைச்சால் நான் எடுக்கிறன். போனைக் கையிலை வைச்சிருங்கோ" என்றாள்.

வைத்திருந்தேன். குளிக்கும்போது தண்ணீர்க் குழாயின் மேல், படுக்கும்போது தலையணையின் கீழ். லிப்டுக்குள் தொடர்பு அறுந்துவிடும் என்பதால் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். நிலத்துக்கு அடியில் போகும் ரயிலில் ஏறவில்லை. ஒஷாவாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகும் பாதையில் ஓரிடத்தில் சிக்னல் கிடைக்காது என்று யாரோ சொன்னார்கள், அங்கும் போகவில்லை. என் உலகம் என் அறையும், தெருவும், கடையும் என்று சுருங்கிவிட்டது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் "கடவுள் இருக்கிறார்" என்றார்கள். அவர்கள் போன பிறகு, கதவை வெளியே இருந்து யாரோ பூட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கும்.

ஹயாமியிடம் சென்று, இனி வேலைக்கு வர முடியாது என்றேன். காரணம் கேட்டார். "என் தொலைபேசியை உங்கள் பெட்டிக்குள் வைக்க முடியாது" என்று சொல்லி, ஏன் என்பதையும் சுருக்கமாகச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வியாழன் வாருங்கள்" என்றார்.

வியாழன் போனேன். வாள் பார்க்க வந்தவரிடம் ஹயாமி சொன்னது இதுதான்: "இந்த அம்மையாரின் தொலைபேசி பெட்டிக்கு வெளியே இருக்கும். அது அடித்தால் நான் வாளை உறையில் இடுவேன். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்போம். சம்மதமில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம்." அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். விதி என்றால் உயிர் என்று இருந்த மனிதர்.

தொலைபேசி அடிக்கத்தான் செய்தது. முதல் தடவை, வீட்டுக் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்து தருகிறோம் என்ற டக்ட் கிளீனிங்காரர். மொன்றியலில் இருந்து வந்திருந்த ஒருவர் மிகப் பழைய வாள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹயாமி அதை மெல்ல வாங்கி, உறையிலிட்டு, இரு கைகளிலும் ஏந்தியபடி தலை குனிந்து நின்றார். நான் "வேண்டாம்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன். அவர் மறுபடி வணங்கி, மறுபடி உருவினார். அடுத்த கிழமையும் அதே டக்ட் கிளீனிங். அதற்கு அடுத்த முறை வாளை உறையிலிட்ட பிறகு என்னிடம் கையை நீட்டினார். தொலைபேசியைக் கொடுத்தேன். "ஐயா, நான் கையில் நானூறு வருடத்து வாளோடு நிற்கிறேன். இந்த இலக்கத்துக்கு இனி எடுக்காதீர்கள்" என்றார். அவர்கள் எடுக்கவில்லை. அந்த வசந்தகாலம் முழுவதிலும் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று அறிவித்தார்கள். தீபன் கடையைப் பாதி சாத்திவிட்டு வாசலில் நின்றார்.

"முடிஞ்சுதாம் அன்ரி."

"என்ன முடிஞ்சுது?"

"எல்லாம்."

சில நாள் கழித்து அவரே என் அறைக்கு வந்தார். நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் பேசினார். "அன்ரி, எல்லாரும் கதைச்சனாங்கள். பவானி அக்கான்ரை ஆத்மசாந்திக்கு ஒரு பூசை செய்விப்பம். நான் சாமானெல்லாம் கடையிலையிருந்து தாறன்."

"ஆர் செத்தது?"

"அன்ரி..."

"அவள் போன் எடுக்கிறன் எண்டவள். இன்னும் எடுக்கேல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உனக்கு இதைவிடக் கூடத் தெரியுமோ?"

"இல்லை அன்ரி. ஆனால் நீங்கள் உந்தப் போனோடை உங்களை நீங்களே பூட்டி வைச்சிருக்கிறியள். அதுதான் சொன்னனான்."

அவர் சொன்னது சரி. பூட்டுத் தெரிந்தது, திறப்பு என்னிடம் இல்லை. பூசை செய்தால் வெளியே வரலாம். ஆனால் உயிரோடு இருப்பவளை உள்ளே விட்டுவிட்டு வருவதாகிவிடும்.

அந்தக் கிழமை கடைக்கு ஒருவரும் வரவில்லை. ஹயாமி வாள் ஒன்றுக்கு எண்ணெய் பூசி முடித்து, உறையிலிட்டு, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவ்வளவு காலத்தில் அவர் தன்னைப் பற்றிப் பேசியது அன்றுதான். வன்கூவரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில், இந்த நாட்டில் பிறந்தவர்களாக இருந்தும், யப்பானியர் என்பதற்காக அவருடைய குடும்பத்தை மலைகளுக்கு நடுவே ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். வீடும் அதிலிருந்த சாமான்களும் விற்கப்பட்டன.

"போர் முடிந்ததென்று கோடைகாலத்தில் சொன்னார்கள்" என்றார். "அடுத்த பனிக்காலமும் நாங்கள் அங்கேதான் இருந்தோம். போர் முடிவது வெளியே இருப்பவர்களுக்கு. உள்ளே இருப்பவர்களுக்கு அது வேறு நாள். உங்கள் தங்கை பேசவில்லை என்பதற்கு அவர் இறந்திருக்க வேண்டியதில்லை. உள்ளே இருந்தால் போதும்."

பிறகு தன் தாயைப் பற்றிச் சொன்னார். முகாமுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் தைரியமாக இருங்கள் என்றும், நலமா என்றும் எழுதியிருக்கும். தாய் வாசித்துவிட்டு அடுப்பில் போடுவாராம். பழைய அயலவள் ஒருத்தி மட்டும், பிள்ளைகளின் கால் அளவு என்ன என்று கேட்டு எழுதினாள். தாய் அன்றைக்குத்தான் அழுதார். பிள்ளைகளை வரிசையாகச் செய்தித்தாளின் மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறினார்.

"அவர் பேசும்போது, பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்" என்றார். பேசினால் என்று சொல்லவில்லை. பேசும்போது என்றார்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஹமில்டனில் இருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் வாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். ஹயாமி வாளை உறையிலிட்டார்.

"அக்கா, நான்தான். முகாமிலை இருக்கிறன். ஆரோ ஒராளின்ரை போன், கன நேரம் கதைக்க ஏலாது."

கேட்கவேண்டியவற்றை மாதக்கணக்காக அடுக்கி வைத்திருந்தேன். சுகமோ என்று கேட்டால் ஓம் என்றுதான் அவள் சொல்லவேண்டும்.

"காலுக்குச் செருப்பு இருக்கோடி?" என்றேன்.

"ஒண்டு இருக்கு."

"ஒரு சோடியோ?"

"இல்லையக்கா, ஒண்டுதான். இடது காலுக்கு." அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு விளங்கவில்லை. "ஏன், மற்றதை நீங்கள் வைச்சிருக்கிறியளோ?"

"பகிடி பண்ணாதை. என்ன சைஸ்?"

"உங்கடை சைஸ்தான். மறந்திட்டியளே? கொன்வென்ற் சப்பாத்தை மாறி மாறிப் போட்டனாங்கள்." பிறகு குரல் தாழ்ந்தது. "இவர் இல்லையக்கா."

"எங்கை?"

"கடற்கரையிலை. நான்தான் மண் போட்டனான்."

தொடர்பு அறுந்துவிட்டது.

நான் திரும்பினேன். ஹயாமி இரு கைகளிலும் வாளை ஏந்தியபடி நின்றார். அந்தக் கணவனும் மனைவியும்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை?"

"ஆறு."

"ஏழு அனுப்புங்கள். நடந்த கால் வீங்கியிருக்கும்."

பிறகு தலை வணங்கி, வாளை மறுபடி உருவினார். யாரும் பேச முடியாது. யாரும் என் தோளைத் தொட்டுக் கடவுளைப் பற்றிச் சொல்ல முடியாது. நாங்கள் நால்வரும் அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் அதை வழக்கத்தைவிட நெடுநேரம் உறையிலிடாமல் வைத்திருந்தார். எனக்கு வேண்டிய அவகாசத்தை அப்படித்தான் தந்தார் என்று வீட்டுக்கு வந்த பிறகே விளங்கியது.

வவுனியாவில் இருந்த உறவினர் ஒருவர் செருப்பை வாங்கி, முகாம் வாசலில் பல நாள் நின்று கொடுத்தார். ஏழுதான் அளவாக இருந்தது.

பவானி முகாமை விட்டு வெளியே வர மேலும் மாதங்கள் எடுத்தன. கனடாவுக்கு வர வருடங்கள் எடுத்தன. வந்த பிறகு அவளை ஹயாமியிடம் அழைத்துப் போனேன். அங்கேதான் நான் யோசிக்காமல் விட்டது ஒன்று நடந்தது. அந்தக் கடைக்கு இரண்டு கதவுகள் இருந்ததை அறிவீர்கள். தெருக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டு. முதலாவது பூட்டிக்கொண்ட பிறகுதான் இரண்டாவது திறக்கும். விசை உள்ளே மேசையில். விலையுயர்ந்த வாள்கள் இருப்பதால் காப்புறுதிக்காரர் கேட்டு வைத்த ஏற்பாடு. நான் முன்னால் போய்விட்டேன். பவானி பின்னால் வந்தாள். தெருக்கதவு அவளுக்குப் பின்னால் 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

"அக்கா! திறவுங்கோ! திறவுங்கோவன்!"

உள்கதவைத் திறந்துவிட்டோம். அது அவளுக்குத் தெரியவில்லை. தெருப்பக்கம் திரும்பி நின்று, உள்ளங்கைகளால் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தாள். உள்கதவு திறந்திருக்கும்வரை தெருக்கதவு திறக்காது. ஹயாமி எழுந்து அந்தக் கூண்டுக்குள் போனார். உள்கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்தி, அவளோடு தானும் உள்ளே அடைபட்டு நின்று, என்னைப் பார்த்து விசையை அமத்தச் சொல்லிக் கைகாட்டினார். அமத்தினேன். இருவரும் நடைபாதைக்கு வந்தார்கள்.

தீபனின் கடைக்கு முன்னால் இருந்த வாங்கில் அவளை உட்காரவைத்தார். தீபன் இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவந்தார். ஹயாமி தான் இருந்த முகாமைப் பற்றிச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரித்தாள்.

"ஒரு அறையிலை எத்தினை குடும்பம்?"

"இரண்டு."

"அடுப்பு?"

"ஒன்று."

"சண்டை வந்ததோ?"

"ஒவ்வொரு நாளும். அம்மாதான் வெல்லுவார்."

"எங்கடை முகாமிலை நான்" என்றாள் பவானி.

அடுத்த வியாழன் நான் போனபோது, கதவுகளின் பூட்டு விசை கழற்றப்பட்டு, உள்கதவு திறந்தபடி சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வாளுறையில் கட்டும் ஊதா நிறப் பட்டுக் கயிறு. அது பிறகு அவிழ்க்கப்படவேயில்லை. காப்புறுதிக்காரர் வந்தார்கள், சத்தம் போட்டார்கள். அவர் இணங்கவில்லை. முடிவில், கடையில் இருந்த மிகச் சிறந்த வாள்கள் எல்லாம் வங்கிப் பெட்டகத்துக்குப் போயின. காட்சிக்கூடத்தில் சாதாரணமானவைதான் மிஞ்சின. அவற்றுக்கும் நான் அதே எழுத்தில் அட்டை எழுதினேன். தூரத்திலிருந்து வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கிழவருக்குத் தரம் தெரியவில்லை என்றார்கள். அவர் காதிலும் விழுந்தது. ஒரு தடவையும் விளக்கம் சொல்லவில்லை. பவானி விரும்பிய நாளெல்லாம் வந்து, வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாள் பார்த்தாள். அவருக்குத் தரம் தெரியும். எதைப் பெட்டகத்தில் வைப்பது, எதைத் திறந்து வைப்பது என்றும் தெரியும்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கேட்கவும் மாட்டேன். நான் வைத்திருப்பது அவர் கேட்கக் கற்றுத்தந்த விதத்தை மட்டும்தான். துக்க வீட்டுக்குப் போனால் இப்போது நான் தைரியம் சொல்வதில்லை. அரிசி இருக்கிறதா, யார் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, இவற்றைத்தான் கேட்கிறேன். சிலருக்கு அது மரியாதைக் குறைவாகப் படுகிறது. படட்டும்.

ஆகவே, இதை வாசித்துவிட்டு, இப்போது நான் இருக்கும் ரெக்ஸ்டேலுக்கு என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் நிம்மதியாகப் போய்விட்டார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு என்ன தேவை என்று கேளுங்கள். சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை எமி தனியே நின்று கடையை ஒழுங்குபடுத்துகிறாள். கண்ணாடிப் பெட்டிகள் பாரமானவை. தூக்கத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். என்னையும் பவானியையும் பார்க்டேலுக்குக் கூட்டிப்போக ஒரு கார் வேண்டும். பவானி முன்னால்தான் உட்காருவாள். அவள் பக்கத்துக் கண்ணாடி நான்கு விரல் இறங்கியிருக்க வேண்டும். குளிர்கிறது என்று யாரும் ஏற்றிவிட வேண்டாம்.